மாட்டுப் பொங்கலன்று எழுந்த ஓணான்

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை என்று நம் ஊரில் சொல்வார்களே, எங்கள் வீட்டில் அது நிஜமாகவே நடந்தது. என்ன, இது வேலியில் போகவில்லை. இங்கே வளைகுடாவில், ரூவியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நான்காவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு லிஃப்டில் வந்தது. என் மகளோடு படித்த ஒரு பெண்ணின் குடும்பம் விசாவை கேன்சல் செய்துகொண்டு கனடாவுக்குக் கிளம்பியது. கிளம்புகிறவர்கள் சும்மா போவார்களா? வாஷிங் மெஷினை ஒருவர் தலையில் கட்டினார்கள், துளசித் தொட்டியை இன்னொருவர் தலையில். கண்ணாடிப் பெட்டியும் விளக்குமாக இந்தத் தாடி ஓணானைத் தூக்கிக்கொண்டு என் மகள் வாசலில் வந்து நின்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

தாடி ஓணான் என்பது நான் வைத்த பெயர். ஆங்கிலத்தில் டிராகன் என்பார்கள். பூர்வீகம் ஆஸ்திரேலியா. முழங்கை நீளம், மணல் நிறம், தாடைக்குக் கீழே முள்முள்ளாக ஒரு பை. பயந்தாலோ வலித்தாலோ அந்தப் பை உப்பிக் கன்னங்கரேலென்று ஆகிவிடும். மகள் அதற்குச் செல்லமாக ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அது அவள் கூப்பிடுகிற பெயர். நான் ‘டேய்’ என்பேன். மனசு நன்றாக இருந்தால் ‘ராசா’ என்பேன்.

நாங்கள் சைவம். முட்டைகூட வாங்காத வீடு. அந்த வீட்டு ஃப்ரிட்ஜில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில், ஒரு டப்பா நிறைய உயிருள்ள புழு. பெருங்காயம் என்று நினைத்து முதல் நாள் அதைத் திறந்துவிட்டு நான் போட்ட கூச்சலில் எதிர் ஃப்ளாட் மலையாளத்து அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். “ஒண்ணு இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று அன்றைக்குக் கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ஓர் அமிலத்தின் பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கத்தி என்ன, அது இருந்தது. நானும் இருந்தேன். மகள் ஒற்றைப் பிள்ளை. நானும் என் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பள்ளி விட்டு வந்தால் அவளுக்குப் பேச்சுத்துணை அதுதான். தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். எங்களிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் ஆங்கிலத்தில் சொல்வாள். சமையலறையிலிருந்து நான் ஒட்டுக்கேட்டிருக்கிறேன்.

போன ஆகஸ்டில் அவள் திருச்சிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தாள். விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எங்களைப் பிரிகிறோமே என்று அழுததாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். “அம்மா, நான் மே மாசம் லீவுக்கு வர்ற வரைக்கும் இதை உயிரோட வச்சிரு. வேற எதுவும் நான் கேக்கல. ஏதாவது ஆச்சுன்னா உடனே சொல்லிடு. மறைக்காதே.” சரி என்று தலையில் கை வைத்துச் சொன்னேன். என் தலையில் இல்லை, அவள் தலையில்.

குளிர்காலம் வந்தால் இந்தப் பிராணி தூங்கும். ஒரு ராத்திரித் தூக்கம் இல்லை, வாரக்கணக்கில். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, அசைவு இல்லை. முந்தைய வருடங்களில் அதையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அதில் நாலாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு. தூங்கி எழுந்ததும் உடனே சாப்பாடு போடக் கூடாது. முதல் இரண்டு நாள் பகல் முழுக்க வெளிச்சமும் சூடும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு குளியல், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உடம்பு நன்றாகச் சூடேறிச் சுறுசுறுப்பாக நடமாடிய பிறகு கொஞ்சம் கீரை, ஒன்றோ இரண்டோ புழு.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் அது பெட்டியின் மூலையில் இருந்த மரப்பட்டைக்கு அடியில் போய்ச் சுருண்டது. தாளில் சொன்னபடி சூட்டு விளக்கை அணைத்தேன். வாரத்துக்கு ஒரு முறை அதை அலுங்காமல் எடுத்து, உளுந்து நிறுக்கிற சமையலறைத் தராசில் வைத்து, எடையைக் குறித்து மகளுக்கு அனுப்புவேன். எடை இறங்கவே இல்லை என்று சொல்லலாம். சில நாள் பயந்துபோய் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். தினமும் வகுப்பு முடிந்து அவள் கூப்பிட்டால் முதல் கேள்வி அதுதான்.

“எழுந்துச்சாம்மா?”

“இல்லடி. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான்.”

“குட். தூங்கட்டும்.”

இங்கே மாட்டுப் பொங்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓணான் வீட்டுக்கு வந்த முதல் ஜனவரியில், நான் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள், மாட்டுப் பொங்கல் என்றால் என்ன என்று. “நமக்கு உழைச்ச மாட்டுக்கு நன்றி சொல்ற நாள்.” “நம்ம வீட்ல மாடு எங்க?” என்று கேட்டவள், தானே பெட்டியைப் பார்த்துக் கை நீட்டினாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து வருடா வருடம் கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். பெட்டியைச் சுற்றிச் சாமந்திச் சரம். தட்டு நிறையப் பரங்கிக்காய்த் துருவலும் கீரையும் புழுவும். இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் நின்றுகொண்டு ‘பொங்கலோ பொங்கல், மாட்டுப் பொங்கல்’ என்று மூன்று பேரும் கத்துவோம். அந்த வருடங்களில் பொங்கலுக்கு முன்பே அது எழுந்து, தெளிந்து, தெம்பாக உட்கார்ந்திருக்கும். இந்த வருடம் தூக்கமே தாமதமாகத் தொடங்கியது.

மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. இங்கே விடுமுறை நாள். மகள் பொங்கல் லீவுக்குத் தஞ்சாவூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்த புதன்கிழமை அவளுக்கு முதல் செமஸ்டர் பரீட்சை ஆரம்பம். தூங்குகிற மாட்டுக்கும் பொட்டு வைக்கலாமே என்று குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு பெட்டிக்கு முன் குனிந்தேன். மரப்பட்டைக்கு வெளியே தலை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. என்னையே பார்த்தது.

“ஐயோ, என் ராசா! எழுந்துட்டியா!” என்று நான் கத்தியதில் கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பிள்ளை ஊரில் இல்லாத முதல் பொங்கல். வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த நாளாகப் பார்த்து, அதற்கென்றே உள்ள நாளாகப் பார்த்து, அது கண்ணைத் திறந்திருக்கிறது. சூட்டு விளக்கைப் போட்டேன். ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் தாள் இருந்தது. நாலாவது வரி, இரண்டு கோடு. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், படித்தேன். ஒன்றரை மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்த ஜீவனைப் பண்டிகை நாளில் வெறும் வயிற்றோடு வைப்பதா, இதென்ன நியாயம் என்று தோன்றியது. நாளும் கிழமையுமாக வீட்டு மாட்டைப் பட்டினி போட்டால் விளங்குமா? படித்துவிட்டுத்தான் புழு டப்பாவை எடுத்தேன்.

மகள் போனதிலிருந்து புழு வைத்தது கணவர்தான், அன்று முதல் முறையாக நானே இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். ஆறு வருடமாக அருவருத்த கை. அது மெதுவாக வாயைத் திறந்தது. ஒன்று. ‘இன்னொண்ணு சாப்பிடு ராசா.’ பரங்கிக்காய், கீரை, மறுபடி புழு. எத்தனை என்று எண்ணவில்லை. “போதும், விடேன்” என்றார் கணவர். “நீங்க சும்மா இருங்க, பசியில இருக்கான்” என்றேன். சாமந்திச் சரத்துக்கு நடுவில் அது சாப்பிடுவதைப் போனில் படம் பிடித்தேன். மகளைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, மாமா வீட்டாரோடு கோயிலுக்குப் போயிருந்தாள். வீடியோவை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. வீடியோ காலில் காட்டி, அவள் முகம் மலர்வதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

சாயங்காலம் தமிழ்க்காரர்கள் கூடி நடத்தும் பொங்கல் விழா. கோலப் போட்டிக்கு நான் நடுவர். கிளம்பும்போது சூட்டு விளக்கை அணைத்தேன். பக்கத்துத் தெருவில் யாரோ ஹீட்டரை மறந்துவிட்டுப் போய் ஒரு ஃப்ளாட் பற்றி எரிந்ததிலிருந்து, ஆள் இல்லாத வீட்டில் ஒரு சுவிட்சையும் விட்டுவைக்க மாட்டேன். விழா இழுத்துக்கொண்டே போனது. திரும்பி வந்து, பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, விளக்கைப் போட மறந்து படுத்துவிட்டேன். ஜனவரியில் இங்கே ராத்திரி தரையில் கால் வைக்க முடியாது, டைல்ஸ் அப்படிச் சில்லிட்டுக் கிடக்கும்.

இந்தப் பிராணிக்குச் சொந்தச் சூடு கிடையாது. விளக்குச் சூட்டில்தான் அதற்குச் செரிக்கும். சூடு இல்லாவிட்டால் தின்றது தின்றபடியே வயிற்றில் கிடந்து கெட்டுப்போகும். வெப்பம் குறைந்தால் வினையின் வேகம் குறையும் என்று வருடா வருடம் பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, பிள்ளைகளை மூன்று தரம் சொல்ல வைக்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

சனிக்கிழமை காலை பார்த்தபோது தாடி கறுத்திருந்தது. வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

“அம்மா, நேத்து கோயில்ல போனை சைலன்ட்ல போட்டுட்டேன். மாட்டுக்குப் பொட்டு வச்சியா? எழுந்துச்சா?”

“இல்லடி” என்றேன். “தூங்குது.”

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை. “நீ படிப்பைப் பாரு” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அன்று மதியமே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அமைதியான மனிதர். வயிற்றை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். எழுந்ததும் சாப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டார். தெரியாமல் கொடுத்துவிட்டோம் என்றேன். தெரியாமல் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை. சூடு குறையாமல் வைத்திருங்கள், நாளுக்கு இரண்டு தரம் வெந்நீர்க் குளியல், வயிற்றை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், கழிவு வெளியே வந்துவிட்டால் பிழைக்கும் என்றார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடக் கற்றுக்கொடுத்தார். “வராவிட்டால்?” என்று கணவர் கேட்டார். டாக்டர் மருந்துக் குப்பியை என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. விடியற்காலையில் எழுந்து நீல பேசினில் வெந்நீர் விளாவுவேன். முழங்கையை விட்டுப் பார்ப்பேன், மகளைக் குளிப்பாட்டியபோது பார்த்த மாதிரி. அதன் தோள் அளவுக்குத் தண்ணீர். ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் நெஞ்சிலிருந்து வாலை நோக்கித் தேய்த்துவிடுவேன். இருபது நிமிடம். துடைத்து விளக்கடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். மத்தியான இடைவேளையில் கணவர் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவர் பங்குக்கு ஒரு குளியல். கொல்லைக்குப் போகட்டும் பிள்ளையாரே, சிதறு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஓர் ஓணானின் மலத்துக்காகப் பிள்ளையாரிடம் கையேந்தியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பேசினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

தினமும் மகள் கேட்டாள். தினமும் நான் ‘தூங்குது’ என்றேன். புதன்கிழமை முதல் பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னாள். “இவ்ளோ நாளா தூங்குது? வெயிட் பாத்தியா?” “பாத்தேன். சரியா இருக்கு.” அன்றைக்குப் போனை வைத்த பிறகு நான் சொன்ன ‘தூங்குது’ என்ற சொல் காதிலேயே நின்றது. இதே ரூவியில், இதே மாதிரி ஒரு ஹாலில், அந்தச் சொல்லை எனக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்குப் போன் செய்வேன். அப்பா எடுப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் எடுத்தான். “அப்பா தூங்குறாரும்மா. நீ உடம்பைப் பாத்துக்க.” அடுத்த வாரமும் தூங்குறார். “சரி, எழுப்ப வேணாம்ணா, பாவம்” என்று நானே சொன்னேன். மூன்றாவது வாரமும் தூங்குறார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு சாயங்காலம் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு முதல் நாளே தெரியும். எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி, தாங்க மாட்டாள், தூர தேசத்தில் தனியாக இருக்கிறாள் என்று எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். என் மேல் இருந்த பிரியத்தால்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மூன்று வாரம் அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன்.

வளைகுடாவில் இருக்கிற நம்மவர்களுக்கு இது புதிதில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போ என்று செய்தி வந்தால், எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனையோ பேர் அப்படித்தான் விமானம் ஏறியிருக்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ‘எல்லாரும் சௌக்கியம்’ என்ற வார்த்தையில் நம்பிக்கை போய்விட்டது. இன்றைக்கும் ஊருக்கு வீடியோ கால் போட்டால், அம்மாவைக் காட்டு, அண்ணனைக் காட்டு, பிள்ளைகளைக் காட்டு என்பேன். ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு ஆறும். “டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்க வந்துட்டாங்க” என்று அண்ணி கேலி செய்வாள். எனக்கு அது கேலி இல்லை. இந்தக் கதையை மகளிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறேன். மறைக்காதே என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னது சும்மா இல்லை.

வெள்ளிக்கிழமை, ஏழாம் நாள், கணவரிடம் சொன்னேன். “அவகிட்ட சொல்லிடலாங்க.”

“இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கு. முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. காரியமெல்லாம் முடியட்டும்னு.”

அவர் முகம் வாடிவிட்டது. பதினெட்டு வருடத்தில் நான் அதை அப்படி நேருக்கு நேராகச் சொன்னதில்லை. எழுந்துபோய் ஹாலில் விளக்குச் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றார். அவரைச் சொல்லி என்ன? பரீட்சை ஒரு சாக்கு. அவர் பிரியத்தால் மறைத்தார். நான் பயத்தால் மறைத்தேன். நான்தான் கொன்றேன் என்று என் மகளுக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயம்.

மறுநாள் காலை அது பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. வைத்தியருக்குப் போன் செய்தேன். வயிற்றில் இருப்பது முதுகுத்தண்டு நரம்பை அழுத்துகிறது, இனி நம் கையில் அதிகம் இல்லை என்றார். பேசினில் வெந்நீர் ஊற்றி அதை விட்டேன். ஈரக் கையோடு மகளைக் கூப்பிட்டேன்.

“எழுந்துச்சாம்மா?” என்றாள் எடுத்தவுடனே.

“எழுந்துச்சுடி. இன்னைக்கு இல்ல. மாட்டுப் பொங்கல் அன்னிக்கே எழுந்துச்சு. நான் சாப்பாடு போட்டுட்டேன். விளக்கை அணைச்சுட்டு விழாவுக்குப் போயிட்டேன். வயிறு அடைச்சுக்கிச்சு. இப்போ கால் வரல.”

அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“பேப்பர்ல எழுதியிருந்தேனே அம்மா.”

“இருந்துச்சு. படிச்சேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்.”

“எட்டு நாள்.” அவள் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. “டெய்லி கேட்டேன். டெய்லி தூங்குதுன்னு சொன்னே. தாத்தா தூங்குறாருன்னு உனக்குச் சொன்ன மாதிரியே.”

தண்ணீரில் கிடந்த அதன் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டேன். 

“அதைக் காட்டு” என்றாள்.

இந்த நாட்டில் எல்லா ஆப்பும் ஓடாது, தடை உண்டு. ஓடுகிற ஒன்றில் வீடியோ கால் போட்டு, போனைக் குழாயில் சாய்த்து வைத்தேன். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் ஆயிரம் தரம் கூப்பிட்டும் மூடிய கண்ணைத் திறக்காமல் கிடந்தது, குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி ஒரு கண்ணைத் திறந்தது. திறந்ததா, தண்ணீர் அசைவில் எனக்கு அப்படித் தெரிந்ததா, சத்தியமாக எனக்குத் தெரியாது. மகள் அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தாள். “அழுத்தாதே அம்மா. விரலை மடக்காதே. ம், அப்படித்தான். தண்ணி ஆறிடுச்சு பாரு, கொஞ்சம் ஊத்து.” இருபது நிமிடம் கழித்து, வைக்கட்டுமா என்று கேட்டேன். “கட் பண்ணாதே. விளக்குக்கிட்ட போனை வை. நான் இங்கயே படிக்கிறேன்.” அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே போன் நின்றது. அதில் என் மகளின் தலை புத்தகத்தில் கவிழ்ந்திருக்கும், அவ்வப்போது நிமிரும்.

திங்கட்கிழமை இருவருமே வேலைக்கு லீவு சொல்லியிருந்தோம். காலை பத்தரை மணிக்கு, குளிப்பாட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தபோது, தாடியின் கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்து மணல் நிறத்துக்கு வந்தது. வலி விட்டுவிட்டது, பிழைத்துக்கொண்டது என்று நினைத்து, “ஏங்க, இங்க வாங்களேன்!” என்று கத்தினேன். கணவர் வந்து பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மகள் பரீட்சை ஹாலில் இருந்தாள். அவள் வெளியே வருகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து நானே கூப்பிட்டேன்.

“போயிடுச்சுடி. பத்தரைக்கு. என் கையிலதான் இருந்துச்சு.”

 “சரிம்மா. சொன்னதுக்கு தேங்க்ஸ்” என்றாள்.

தேங்க்ஸ்! பெற்ற தாயிடம், யாரோ வழி சொன்னவரிடம் சொல்வதுபோல. அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவளுடைய பழைய பள்ளி யூனிஃபார்ம் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஊரைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனோம். வாட்ச்மேன் பாயிடம் மண்வெட்டி இரவல் வாங்கியிருந்தார் கணவர். அங்கே மண்ணா இருக்கிறது, எல்லாம் சரளைக்கல். ஆபீஸ் உத்தியோகம் பார்த்த கை, ஒரு முழம் தோண்டுவதற்குள் கொப்புளித்துவிட்டது. ஒரு சீமைக்கருவேல மரத்தடியில் வைத்து மூடினோம். மகளுக்குக் காட்டினேன். கல்லை நெருக்கி வைக்கச் சொன்னாள், நாய் தோண்டாமல் இருக்க.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கிழிக்கக் கை வரவில்லை.

பரீட்சையில் மகள் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். எப்போதும்போலக் கூப்பிட்டாள், சாப்பாடு சரியில்லை என்றாள், தலைமுடி கொட்டுகிறது என்றாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிள்ளை மறந்துவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு விடுமுறை நாள். மதியம் வீடியோ காலில் கூப்பிட்டாள். ரூம்மேட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவில் கேட்டாள்.

“அப்பா எங்க? நேத்தும் பேசலையே.”

“நேத்து ஆபீஸ்ல லேட்டாச்சு. இப்போ குளிக்கிறார்டி.”

அவள் முகம் திரைக்குக் கிட்டே வந்தது.

“காட்டு” என்றாள்.

“ஏய், குளிக்கிற மனுஷனை எப்படிடி காட்டுறது? வந்ததும் கூப்பிடச் சொல்றேன்.”

“பரவால்ல. நான் வெயிட் பண்றேன். நீ காட்டு.”

சிரிக்கிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஊருக்குப் போன் செய்யும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததில்லை. எழுந்துபோய்ப் பாத்ரூம் கதவைத் தட்டினேன்.

“என்ன?”

“கொஞ்சம் வெளிய வாங்க. உங்களைப் பாக்கணுமாம்.”

உள்ளே தண்ணீர் நின்றது. என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு, தோளில் சோப்பு நுரையோடு வந்து, போனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். மகள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“சரிப்பா” என்றாள். “போய்க் குளிங்க.”